வாண்டு சொன்னதாக

1

ஜூன் 7, வெள்ளி. இன்று செய்த தவறு: நாளை மாலை வெளியாக வேண்டிய பதிவை இன்று மாலையே வெளியாகும்படி தேதி குறித்துவிட்டேன். சிறிது நேரத்தில் ஒரு வாசகி கேட்டுவிட்டார்: "விழா நாளைக்குத்தானே? அதுக்குள்ள போயிட்டு வந்துட்டீங்களா?" பதிவை உடனே எடுத்துவிட்டேன். அக்காவிடம் சொன்னேன். "விடுடி, யாரு பாத்திருக்கப் போறாங்க" என்றாள்.

இது என் நாட்குறிப்பில் உள்ளபடியே. கதை எழுதக் கற்றுத்தரும் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும், அன்று செய்த தவறிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அங்கே எங்கள் பயிற்சி. நான் ஒழுங்காகச் செய்கிறவள். பெரும்பாலும் பால் பொங்கவிட்டது, குடையை மறந்தது போன்றவைதான் தேறும். இதையும் அப்படித்தான் எழுதிவைத்தேன். இந்தக் கதை அந்தத் தேதித் தவறிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

தொடக்கத்துக்குச் செய்த முயற்சிகள்:

"என் அக்கா ஒரு தாய், அதையே தொழிலாகவும் செய்கிறாள்." (அடித்துவிட்டேன். கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. அக்காவைக் குத்துகிறது.)

"மெத்தைக் கடை மேடையில் நின்ற ஆறு வயதுச் சிறுமி என்னைத் திரும்பிப் பார்த்து" (இதற்கு மேல் கை ஓடவில்லை. அதற்கு முன்னால் சில விஷயங்களை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.)

ஆகவே சுற்றிவளைக்காமல் வரிசையாகச் சொல்கிறேன்.

2

அக்கா ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். பிரசவ விடுப்பு முடிந்து போனபோது அவள் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். "உங்களுக்கு வேற இடம் பாக்குறோம்" என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கைக்குழந்தையோடு வீட்டில் அடைந்து கிடக்கப் பிடிக்காமல் அவள் பூங்கா பூங்காவாக அலைந்தாள். எந்தப் பூங்காவில் கழிப்பறை சுத்தம், எங்கே தள்ளுவண்டி படியில் இடிக்காமல் போகும், எங்கே நிழலில் உட்கார்ந்து பால் கொடுக்கலாம் என்றெல்லாம் இணையத்தில் எழுத ஆரம்பித்தாள். அவள் எழுதிய முதல் பதிவு முழுக்கவே கழிப்பறைகளைப் பற்றியது. என் கணிப்பில் இன்றுவரை அந்த வலைப்பூவின் மிகச் சிறந்த பதிவு அதுதான்.

வாசகர்கள் பெருகினார்கள். பிறகு நிறுவனங்கள் கூப்பிட்டன. பொம்மைக் கடைத் திறப்பு, நீச்சல் வகுப்பு, குழந்தைகளுக்கான நாடகம் என்று வாரம் ஒரு அழைப்பு வந்தது. போய்வந்து எழுதினால் பணம். அக்கா வீட்டு வாடகை அதில் போகிறது. என் வகுப்புக் கட்டணமும் அதில்தான் போகிறது. (இந்த வாக்கியத்தை மூன்று முறை எடுத்துவிட்டு மூன்று முறை திரும்ப வைத்தேன்.)

இப்போது பதிவுகளை எழுதுவது நான். படம் எடுப்பதும் நிறுவனங்களிடம் பேரம் பேசுவதும் அக்கா. வலைப்பூவில் அவள் பெயர் 'வாண்டோட அம்மா'. அவள் மகள், எனக்கும் மகள் முறையானவள், வாண்டு. நான் அதில் எங்கேயும் இல்லை.

எங்கள் வேலைமுறையைச் சொல்ல வேண்டும். நிறுவனங்களுக்கு விழா நடந்த அன்று மாலையே பதிவு வேண்டும். ஆனால் விழாவிலிருந்து திரும்பும்போது வாண்டு அழுதுகொண்டிருப்பாள், நாங்கள் அழாமல் இருப்போம், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் அழைப்பிதழோடு வரும் விளம்பரத் தாளைப் பார்த்து நான் முதல் நாளே எழுதிவைத்துவிடுவேன். தெரியாத இடங்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் விட்டுவைப்பேன்.

[வெயில் / மழை]
[கூட்டம் அதிகம் / சுமார்]
[வாண்டு சொன்னது:        ]

அங்கே போய் போனிலேயே நிரப்புவோம். ஆரம்பத்தில் மூன்றையும் அப்படித்தான் நிரப்பினோம். சிக்கல் மூன்றாவதில் வந்தது. விழாக்களில் வாண்டு சொல்வதெல்லாம் "தண்ணி வேணும்", "காலு வலிக்குது", "இந்த மாமா ஏன் கத்துறாரு?" ஆகியவைதான். வாசகர்கள் வாண்டின் வாய்க்காகத்தான் வருகிறார்கள் என்பதை அக்கா கண்டுபிடித்தாள். "நீதான் கதை எழுதுறவளாச்சே, ஒண்ணு போட்டுவிடேன்" என்றாள். போட்டுவிட்டேன். நன்றாக வந்தது. அதன்பின் மூன்றாவது அடைப்புக்குறி விழாவுக்கு முன்பே நிரம்பத் தொடங்கியது.

(குறிப்பு: ஒரு வாசகி வாண்டின் வரி ஒன்றைத் தாளில் எழுதி ஃபிரிஜ் கதவில் ஒட்டிவைத்திருப்பதாகப் படம் அனுப்பியிருந்தார். வகுப்பில் என் கதைகளை இதுவரை யாரும் எதிலும் ஒட்டியதில்லை. எனக்கு அன்று பெருமையாக இருந்தது.)

3

ஜூன் 8, சனி. குழந்தைகளுக்கான கட்டில், மெத்தை விற்கும் ஒரு பெரிய கடையின் திறப்பு விழா. விளம்பரத் தாளில் இரு பக்கமும் தடுப்பு வைத்த கட்டில் ஒன்றின் படம் இருந்தது. அதைப் பார்த்து நான் எழுதிய வரி: "அம்மா, இந்தக் கட்டில்ல படுத்தா கனவுகூடக் கீழ விழாது, இல்ல?"

ஒரு நாள் முன்னதாக வெளியாகி, நான் அவசரமாக நீக்கிய பதிவில் இருந்தது இந்த வரிதான். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று அக்கா சொன்னாள் அல்லவா? கடையின் விளம்பரப் பிரிவுக்காரர் பார்த்திருந்தார். கடை வாசலில் டாக்சியிலிருந்து இறங்கியதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பேனர். அதில் என் வரி. கீழே சிறிய எழுத்தில் 'வாண்டு' என்று கையெழுத்துப் போல.

"மேடம்! ராத்திரியோட ராத்திரியா அடிச்சுட்டோம்" என்று ஓடிவந்தார் அவர். "பாப்பா மேடையில ஒரு வாட்டி சொல்லிட்டா போதும்."

வாண்டு அந்த வரியை அப்போதுவரை கேட்டதுகூட இல்லை. அக்கா அவளை செருப்பு வைக்கும் அலமாரிக்குப் பின்னால் கூட்டிப்போய் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"கண்ணு, நீ நேத்து சொன்னியே, கட்டில் பத்தி. அத மேடையில சொல்றியா?"

"என்னம்மா சொன்னேன்?"

அக்கா சொன்னாள். வாண்டு உதட்டுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்.

"நேத்தா சொன்னேன்?"

"நேத்துத்தான்."

"ஓ" என்றாள் வாண்டு. நம்பிவிட்டாள். அக்கா அவள் காலுறையை இழுத்துவிட்டு எழுந்தாள்.

மேடையில் கட்டில் இருந்தது. அதில் தடுப்பு இல்லை. வேறு மாடல். தடுப்பே இல்லாத கட்டிலில் ஏறி நின்று, கனவுகூடக் கீழே விழாது என்று அவள் கணீரென்று சொன்னாள். கைதட்டல் கூரையைத் தொட்டது. தொகுப்பாளினிக்கு உற்சாகம் தாளவில்லை. எழுதிக்கொடுக்காத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"அப்ப பாப்பாவுக்கு இந்தக் கட்டில் பிடிச்சிருக்கா?"

வாண்டு வாயைத் திறந்தாள். மூடினாள். அம்மாவைத் தேடினாள். அக்காவின் முகம் போனுக்குப் பின்னால் இருந்தது, படம் எடுத்துக்கொண்டிருந்தாள். வாண்டின் கண் கூட்டத்தைத் துழாவி என்னிடம் வந்து நின்றது. மைக்கைப் பிடித்தபடியே கேட்டாள்:

"சித்தி, எனக்குப் பிடிச்சிருக்கா?"

கூடம் வெடித்துச் சிரித்தது.

அவள் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. இன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று கேட்கும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. தனக்குத் தெரியாத, எனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டாள்.

நான் தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். அவள் மைக் பக்கம் திரும்பி, "பிடிச்சிருக்கு" என்றாள்.

இறங்கி வரும்போது விளம்பரப் பிரிவுக்காரர் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். "மேடம், கனவு வரிய விடுங்க. அந்தக் கேள்வி இருக்கு பாருங்க, 'எனக்குப் பிடிச்சிருக்கா?', அதுதான் இனி எங்க விளம்பரமே! ஒரு வருஷ ஒப்பந்தம் போட்டுக்கலாம். மாசம் ஒரு விழா, பாப்பா வரணும். இந்தக் கேள்வியப் பத்தி ஒரு பதிவு போடுங்க. அடுத்த வாரம் கழிஞ்சு திங்கக்கிழம கையெழுத்து."

மாசம் ஒரு விழா. ஒரு வருடத்துக்கு அக்காவுக்கு வாடகைக் கவலை இல்லை. ஒரு வருடத்துக்கு வாண்டு மேடை மேடையாக நின்று தனக்குப் பிடித்திருக்கிறதா என்று யாரையாவது கேட்டுக்கொண்டிருப்பாள்.

4

(கதாபாத்திரங்கள் மேல் எனக்குள்ள சந்தேகங்கள்.)

அக்காவை நினைத்துச் சங்கடமாக இருக்கிறது. முதல் வரைவில் அவள் கொஞ்சம் வில்லி மாதிரி வந்துவிட்டாள். போனுக்குப் பின்னால் முகம் என்று எழுதியது நானே ரசித்து எழுதியது, அதனால் அதை நம்பாதீர்கள். அவள் படம் எடுக்காவிட்டால் அன்று பணம் இல்லை. அவள் கைப்பையில் எப்போதும் வாண்டுக்கு மாற்றுக் காலுறை இருக்கும். பிறர் குழந்தைகளுக்கும் சேர்த்து எடுத்துவருவாள்.

மூன்றாம் பகுதிவரை எழுதியதை செவ்வாயன்று வகுப்பில் வாசித்தேன். எங்கள் வகுப்பில் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறையில் வேலை பார்க்கும் பெண் இருக்கிறாள். நாள் முழுக்கக் குழந்தைகள் அலறுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவள். ஈவு இரக்கமில்லாமல் விமர்சிப்பாள்.

"குழந்த நல்லா வந்திருக்கா" என்றாள். "அந்தக் கனவு வரி இருக்கே, அது நிஜமா ஒரு குழந்த சொன்னதுதான்னு தெரியுது."

"அது நான் எழுதினதுன்னு கதையிலயே சொல்லியிருக்கேனே."

"அது சும்மா கதைக்காகச் சொல்றதுதானே? ஆனா 'எனக்குப் பிடிச்சிருக்கா'ன்னு கேக்குறா பாரு, அது மட்டும் ஒட்டல. ஆறு வயசுக் குழந்த அப்படிக் கேக்காது. அது நீ மேசையில உக்காந்து யோசிச்சது. தூக்கிடு."

எல்லோரும் தலையாட்டினார்கள்.

கதையில் நான் புனைந்த வரி நிஜம் போலிருக்கிறது. அவள் நிஜமாகக் கேட்டது புனைந்தது போலிருக்கிறது. வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவள் அப்படித்தான் கேட்டாளா? அக்கா எடுத்த காணொளியைப் போட்டுப் பார்த்தேன். அப்படித்தான் கேட்டாள்.

5

புதன்கிழமை பள்ளியிலிருந்து வாண்டை நான்தான் கூட்டிவந்தேன். ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும் என்று திட்டமிட்டிருந்தேன். (என்னை மன்னியுங்கள். குழந்தையிடம் சோதனை செய்கிறவள் எப்படிப்பட்டவள் என்று நினைக்க உங்களுக்கு உரிமை உண்டு.)

போன வருடம் ஒரு ஏரிக்கரையில் படகுச் சவாரி தொடங்கினார்கள். எங்களை அழைத்தார்கள். நான் வழக்கம்போல முதல் நாளே எழுதிவைத்தேன். போன அன்று பலத்த காற்று, படகு விடவில்லை. கரையில் நின்ற படகில் வாண்டை உட்காரவைத்து அக்கா படம் எடுத்தாள். "ஏற்பாட்டாளர் பாவம், அவர் என்ன பண்ணுவாரு" என்றாள் அக்கா. நான் எழுதிவைத்திருந்ததை அப்படியே வெளியிட்டோம்.

"பாப்பா, நாம ஏரிக்குப் போனது ஞாபகம் இருக்கா?"

"ஓ! படகுல போனோமே."

என் கால் நின்றுவிட்டது. "எப்படி இருந்துச்சு?"

"நான் கைய தண்ணியில விட்டேன். ஏரி என் கைய விடவே மாட்டேன்னுச்சு." பையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு சொன்னாள், கணக்கு வாய்ப்பாடு சொல்வது போல. "அப்புறம் ஒரு வாத்து கூடவே வந்துச்சு."

ஏரி கையை விடமாட்டேன் என்றது என் வரி. வாத்தும் என் வாத்துதான். இரண்டாம் பத்தியில் காலியாக இருக்கிறதே என்று சேர்த்தது.

"உனக்கு யாரு சொன்னா?"

"நான் தூங்கப் போறப்ப அம்மா படிச்சுக் காட்டுவாங்கள்ல, நம்ம கதையெல்லாம்" என்றாள். பிறகு என்னைக் கூர்ந்து பார்த்தாள். "நீ வரலையா சித்தி?"

6

இங்கே ஒரு உரையாடல் வேண்டும். அக்காவும் நானும். கற்பனை செய்து எழுதத்தான் நினைத்திருந்தேன். அதற்குள் அது நடந்தேவிட்டது.

வியாழன் மதியம் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பில் ஐந்தாம் பகுதியை எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

"இதுதான் திங்கக்கிழமைக்கான பதிவா?"

"இல்லக்கா. இது வகுப்புக்கு. அந்தப் பதிவ நான் எழுத மாட்டேன்."

"ஏனாம்?"

"அவ கேட்டது விளம்பரம் இல்லக்கா. அவளுக்கு நிஜமாவே தெரியல."

"சரிடியம்மா, எழுதாத." கையில் வாண்டின் சட்டை இருந்தது. அதை மேசையில் வைத்தாள். "ஆனா இத மட்டும் எழுதுவ. நான் போட்டா பொழப்பு, நீ போட்டா இலக்கியமா? ரெண்டுலயும் எம் பொண்ணுதான் மேடையில மாட்டிக்கிட்டு நிக்கிறா. நானாவது அவளுக்கு சட்ட வாங்கித் தரேன்."

(வாசகரே, இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.)

"அதோட" என்றாள் அக்கா, திரையைச் சுட்டிக்காட்டி, "கதைன்னாலும் ஒரு நியாயம் வேணாமா? படகுல போகலன்னு எதுக்கு எழுதியிருக்க?"

"போகலக்கா."

"என்னடி உளறுற? போனோமே! நீ பின்னாடி உக்காந்திருந்த. வாண்டு குனியறான்னு நான் அவ இடுப்பப் பிடிச்சுக்கிட்டேன். தண்ணி ஜில்லுன்னு என் கையிலகூடத் தெறிச்சுச்சு."

அவள் விளையாடுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், நானும் அந்தப் படகின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் அசைந்தது. எல்லாவற்றையும் குறித்துவைப்பவள் நான், எனக்கே அப்படி.

பழைய படங்களைத் திறந்தேன். படகில் வாண்டு, கையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறாள். நல்ல படம். அதைப் பெரிதாக்கினேன். படகின் மூக்கிலிருந்து ஒரு கயிறு கிளம்பி, கரையில் அடித்திருந்த முளையில் இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தது. அடுத்த படம். அதே கயிறு. அதற்கடுத்ததும் அதே.

அக்கா குனிந்து பார்த்தாள். விரலால் திரையில் கயிற்றைத் தொட்டாள், அழுக்கென்று துடைப்பது போல.

நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேற எதுக்கெல்லாம் நாம போகல?"

7

முடிவுகள்:

அ) அக்கா திங்கட்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறாள். வாண்டு மேடையில் ஏறி அந்தக் கேள்வியைக் கேட்கிறாள். ஒவ்வொரு முறையும் கூட்டம் சிரிக்கிறது. பன்னிரண்டாவது விழாவில் அவள்

(போதும். அது என்னால் முடியவில்லை.)

ஆ) அக்கா மறுக்கிறாள். வலைப்பூவை மூடுகிறாள். நான் வகுப்பை விட்டு ஒரு வேலைக்குப் போகிறேன். ஒரு நாள் வாண்டு ஓடிவந்து, "சித்தி, எனக்கு இது பிடிக்கவே இல்ல!" என்கிறாள். நாங்கள் கண் கலங்குகிறோம்.

(அழகான முடிவு. பல் மருத்துவமனைப் பெண்ணுக்குப் பிடிக்கும். ஆனால் கவனித்தீர்களா? அவளுக்கு எது பிடிக்கவில்லை என்பதையும் நானே சொல்லிக்கொடுத்துவிட்டேன்.)

இ) அக்கா மறுபடியும் கழிப்பறைகளைப் பற்றி எழுதத் தொடங்குகிறாள். அதில் வாண்டு வருவதில்லை. அதையும் விரும்பிப் படிப்பவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அது வாடகைக்குப் போதுமா என்று

(தெரியவில்லை. அக்கா நேற்று அதைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "திங்கக்கிழம என்ன சொல்றதுன்னு திங்கக்கிழம பாத்துக்கலாம். அதுக்கு முன்னாடி ஒரு வேல இருக்கு" என்றாள்.)

ஆகவே இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப் போவதில்லை. நான் எழுதினால் அது நடந்தது போலவே ஆகிவிடும் என்று இப்போது தெரியும். எழுதக் கற்றுக்கொள்ள வந்தவளுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது. எனக்கோ அந்தப் பாராட்டு வேண்டாம்.

முடிவு இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் பழைய வேலைமுறைப்படி ஒரு அடைப்புக்குறியை விட்டுவைக்கிறேன்.

[வாண்டு சொன்னது:                    ]

உங்களுக்குக் கை துறுதுறுக்கும். நல்ல வரி ஒன்று இந்நேரம் நாக்கின் நுனிக்கு வந்திருக்கும். தயவுசெய்து நிரப்பாதீர்கள். அந்த இடம் ஒரு குழந்தையுடையது.

ஜூன் 14, வெள்ளி. நாளைய வேலை: காலையில் ஏரிக்கரைக்குப் போன் செய்து, காற்று இல்லையா, படகு விடுகிறார்களா என்று கேட்க வேண்டும். மூன்று பேருக்குச் சீட்டு, நம் கையிலிருந்து. அக்காவின் போனும் என் போனும் வீட்டில் இருக்கும். படகில் வாண்டை அவள் கேட்கும் இடத்தில் உட்காரவைக்க வேண்டும். பிடித்திருக்கிறதா என்று கேட்கக் கூடாது. அவளாகக் கேட்டால், எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டும். மாற்றுக் காலுறை எடுத்துவைக்க வேண்டும்.